உப்புவெளியில் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இரண்டு அறைகள் கொண்ட வீடொன்று 120 இலட்சம் ரூபாய்க்கு வந்துள்ளது. இப்போது குடியிருப்பவர்கள் மாதம் 45,000 ரூபாய் தருகிறார்கள். ஆண்டுக்கு 540,000 ஆனாலும், ஒரு மாதம் வெறுமையாகக் கிடப்பது, சோலைவரி (வீட்டுக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வரி), திருத்த வேலைகள் ஆகியவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 420,000, அதாவது முதலீட்டில் 3.5 சதவீதமே மிஞ்சுகிறது. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள் விரல் பட்டதும் உதிர்ந்ததைப் பார்த்தபின், திருத்தச் செலவைக் குறைத்து மதித்துவிட்டேனோ என்ற ஐயமும் எழுந்துள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கலாம் என்கிறார் தரகர் (வேறென்ன சொல்வார்!), ஆனால் மாரிக்காலத்தில் யார் வருவார்கள்? கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்பதையும், வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைக் கவனிக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதையும் தயவுசெய்து அறியத் தாருங்கள்.