வெள்ளம் புகுந்த கிணறு: ஒட்ட இறைத்துவிட்டு பிளீச்சிங் போட்டால் போதுமா?

ஏரல்காரன்: 2023 டிசம்பர் மாதிரி தாமிரபரணி கரை தாண்டினா எங்க பக்கம் கிணறெல்லாம் முங்கிடுது. வடிஞ்சதும் மோட்டார் வச்சு ஒட்ட இறைச்சிட்டு, ரெண்டு கை பிளீச்சிங் பவுடர வீசுறதுதான் ஊர் வழக்கம். சரிதானா? உறைக்கிணறு, குறுக்களவு 2 மீட்டர், தண்ணி 3 மீட்டர் நிக்கும்.

நீர்மட்டம்: ஒட்ட இறைக்கவே கூடாது. வெளியில மண்ணு ஊறிக் கிடக்கு. உள்ள தண்ணியை சட்டுனு எடுத்தா வெளி அழுத்தத்துல உறை விலகும், மணல் சரியும். கொஞ்சம் இறைங்க, ஊற விடுங்க, மறுபடி இறைங்க. கடலோரம்னா இன்னும் கவனம்: 2004 சுனாமிக்கு அப்புறம் இலங்கையின் கிழக்குக் கரையில கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைச்சதுல அடியில இருந்த உப்புத்தண்ணி மேல ஏறிடுச்சு. டீசல் இன்ஜினைக் கிணத்துக்குள்ள இறக்காதீங்க, புகையே ஆளைக் கொன்னுடும்.

குளோரின்கணக்கு: உங்க கிணத்துல 3.14 × 1 × 1 × 3 = 9.4 கன மீட்டர், அதாவது 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் (33% குளோரின்). ஆக சுமார் 24 கிராம். அப்படியே வீசினா பவுடர்ல இருக்கிற சுண்ணாம்பு அடியில போய்ப் படியும், அவ்வளவுதான். வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் கூழாக் குழைச்சு, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிஷம் தெளிய விடுங்க. தெளிவை மட்டும் வேற வாளிக்கு மாத்தி, கயிறு கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் ஆட்டணும். அப்புறம் ஒரு மணி நேரம் யாரும் தண்ணி எடுக்கக் கூடாது.

ஏரல்காரன்: போன தடவை போட்டும் குளோரின் வாடையே வரலையே சார்?

குளோரின்கணக்கு: ஒண்ணு, பவுடர் பழசு; பிரிச்ச மூட்டை காத்துப்பட்டா வீரியம் போயிடும். இல்லைன்னா சேறே குளோரினைத் தின்னுருக்கும். முதல்ல கலங்கல் தெளியணும். ஒரு மணி நேரம் கழிச்சு பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் வச்சிருக்கிற குளோரோஸ்கோப்புல (தண்ணியில மிஞ்சின குளோரினை மஞ்சள் நிறமாக் காட்டுற சோதனைக் கருவி) பாருங்க, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். மஞ்சளே தெரியலைன்னா அதே அளவு மறுபடி.

வயர்மேன்_தூத்துக்குடி: முங்கின மோட்டாரை வெயில்ல காய வச்சதும் சுவிட்ச் போட்டுடாதீங்க. மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வச்சுப் பாருங்க, 1 மெகா ஓமுக்குக் கீழன்னா உள்ள இருக்கிற கம்பிச்சுருள் இன்னும் காயலை.

நீர்மட்டம்: குளோரின் அடங்கினதும் எச்2எஸ் பாட்டில்ல (கிருமி இருக்கான்னு பார்க்கிற சோதனை பாட்டில்) தண்ணி பிடிச்சு வைங்க. 48 மணி நேரத்துக்குள்ள கறுத்தா மலக்கிருமி இருக்குன்னு அர்த்தம். செப்டிக் டேங்க் எவ்வளவு கிட்டன்னு முதல்ல பாருங்க. தண்ணி சுத்தம்னு தெரியுற வரைக்கும் குடிக்க, சமைக்கக் கொதிக்க வச்ச தண்ணிதான்.