புதுப்பிப்பு: மாந்தோப்பில் தானியங்கி வால்வு, இப்போதைய நிலை

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் வைத்த மண் ஈரப்பத சென்சாரும், மின்காந்தத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாங்கவில்லை, என்ன செய்யலாம் என்று போன கோடையில் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்காக இது.

முதலில் வால்வு. சொலினாய்டுக்குள் தண்ணீர் வழியை அடைக்கும் ரப்பர் தகட்டை (டயாஃப்ரம்) தூக்க ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு அதில் படிந்து அடைத்துக்கொள்ள, வால்வு பாதி திறந்தபடி நின்றுவிடும். இப்போது மோட்டார் வைத்த பால் (ball) வால்வு, அதாவது துளையிட்ட உருண்டையைத் திருப்பித் திறக்கும் வகை, போட்டாயிற்று. மெதுவாகத்தான் திறக்கும், பரவாயில்லை. ஆனால் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் பல மாடல்கள் அப்படியே கிடக்கும், மேல்தொட்டி காலி. கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் வைத்து, கரண்ட் போனதும் தானே மூடும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். நாம் கேட்காமல் கடைக்காரர் சொல்ல மாட்டார்!

சென்சாரில், இரண்டு கம்பி நீட்டிய மலிவு வகை வேண்டவே வேண்டாம். மின்பகுப்பில் அரித்துப் போகும். உலோகம் மண்ணில் படாமலே அளக்கும் கெபாசிட்டிவ் வகை தேவலாம். அதிலும் சர்க்யூட் பலகையின் வெட்டு விளிம்பு வழியாக ஈரம் ஏறுவதால் எபாக்சி பிசின் பூசித்தான் புதைத்தேன். நம் செம்மண்ணைக் காயவைத்து ஒருமுறை, நனைத்து ஒருமுறை அளந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் பெட்டி இப்போது மர நிழலில். 10 டிகிரி சூடு கூடினால் அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் வகை கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

அப்புறம், கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்குள் எறும்பு புகுவதைத் தடுக்க யாரிடமாவது வழி இருக்கிறதா?