வெயில் தாங்காத தோப்பு: மரத்தைக் குறைப்பதா, கூட்டுவதா?

வரப்போரம்:
வணக்கம். மூன்று ஏக்கரில் மா, அதற்கு நடுவே எலுமிச்சை, மழை பெய்தால் இடையில் உளுந்து என்று ஏழு வருடமாக ஓடுகிறது. இரண்டு மூன்று கோடையாக நிலைமை சரியில்லை. மாவில் மேற்குப் பக்கத்துக் காய் வெந்த மாதிரி மஞ்சள் திட்டு விழுந்து கருகுகிறது, அதே பக்கம் பட்டையும் வெடிக்கிறது, எலுமிச்சையில் நுனி காய்கிறது. கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதால் சொட்டுநீரைத் தினமும் அரை மணி நேரம்தான் விட முடிகிறது. நிழலுக்கு இன்னும் மரம் வை என்கிறார் ஒருவர், பாதியை வெட்டு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

செம்மண்:
அந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் நண்பரே. தினமும் கொஞ்சமாக விட்டால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றும், அந்த மண்தான் வெயிலில் முதலில் காயும். தண்ணீர் விட்ட மறுநாள் காலை கடப்பாரையை அழுத்திப் பாருங்கள், ஈரம் உள்ள வரை இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். தோப்பை நான்கு பாகமாகப் பிரித்து ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று இரண்டு மணி நேரம் விடலாம் (மணல் நிலம் என்றால் வேண்டாம், தண்ணீர் வேருக்கும் கீழே போய்விடும்). அப்புறம், கன்று நட்டபோது தண்டோரம் வைத்த சொட்டுவான் (குழாயில் தண்ணீர் சொட்டும் முனை) இன்னும் அங்கேயேதான் கிடக்கிறதா? தண்ணீர் குடிக்கும் வேர் இப்போது கிளை விரிந்த விளிம்புக்கே போயிருக்கும்.

கவாத்துக்கத்தி:
மேற்குப் பக்கம் மட்டும் வெடிப்பது வெயில் காயம். தண்டிலும் தடித்த கிளையிலும் நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள். கோடைக்கு முன்னால் கவாத்து செய்து உள்கிளையைத் திறந்துவிடாதீர்கள், அறுவடை முடிந்ததும் செய்யுங்கள். மூடாக்கு (மண்ணை மூடிப் போடும் சருகு, தழை) அரை அடி உயரம் இருக்கட்டும், தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுப் போடுங்கள். கோடை உழவும் வேண்டாம், மேல்வேர் அறுபடும். சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு மண் காய்கிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், நீங்கள் அப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

வரப்போரம்:
கொளுத்தியிருக்கிறேன், திட்டாதீர்கள். மூடாக்கு போட்டால் கரையான் ஏறாதா?

கவாத்துக்கத்தி:
கரையானுக்குக் காய்ந்த பொருள்தான் தீனி. அந்த ஒரு சாண் இடைவெளியைச் சுத்தமாக வைத்திருந்தால் தண்டில் மண் ஏறுவது கண்ணில் படும், அப்போதே தட்டிவிடலாம். நெருப்புக்குத்தான் நான் பயப்படுவேன். வேலியோரம் இரண்டு மீட்டர் சருகில்லாமல் விடுங்கள்.

பழந்தோப்பு:
வெட்டு, வை என்பதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர், உங்கள் மூன்று ஏக்கரில் 3 லட்சம். அதில் எவ்வளவு வரப்பைத் தாண்டி ஓடுகிறது? சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டாமல் புது மரம் வைப்பது வீண். மாவின் கிளைக்குள் மாட்டிக்கொண்ட எலுமிச்சை இனித் தேறாது, எடுத்துவிடுங்கள், அதன் பங்குத் தண்ணீர் மாவுக்குப் போகட்டும். மற்ற எலுமிச்சையில் காய்ந்த நுனியைப் பச்சை தெரியும் வரை வெட்டினால் போதும். நிழல் வேண்டும் என்றால் மேற்கு வேலியில் மட்டும் கிளைரிசிடியா என்ற தழை மரம் வையுங்கள், கோடை முடிந்ததும் வெட்டித் தழையை மூடாக்காகப் போடலாம். தானாக முளைத்த மரம் இருந்தால் பிடுங்காதீர்கள். நைஜர் நாட்டுத் தெற்கில் 1980களிலிருந்து உழவர்கள் பழைய அடிக்கட்டைகளில் துளிர்த்ததைக் காத்தே ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டிருக்கிறார்கள். பையில் வேர் சுருண்ட பெரிய கன்று அந்த வெயிலில் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வரப்போரம்:
இன்று காலை கடப்பாரையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை. சொட்டுவான் எல்லாம் தண்டோரம்தான் கிடக்கிறது, ஏழு வருடமாக. நாளைக்குக் குழாயை நகர்த்துகிறேன், எலுமிச்சையைப் பற்றி வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.