சேஃப்டி பூட்ஸ்: போடாமலேயே அடி உதிர்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

பிறை_ஸ்டோர்:
வணக்கம். பினாங்கு, பிறையில் கிடங்கு வேலை. பாதி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று சாமான் அடுக்கணும், மீதி நேரம் லோரியில் ஏறி இறங்கணும். மழை பெய்தாலும் யார்டுக்குப் போய்த்தான் ஆகணும். மலிவு விற்பனையில் இரண்டு ஜோடி எடுத்து, ஒன்றைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தேன். இப்போது திறந்தால் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. போட்டுக்கொண்டிருக்கும் ஜோடியோ, குந்தி உட்கார்ந்தால் விரலைக் காக்கும் கெட்டி மூடியான டோ கேப் விரல் மூட்டில் வெட்டுகிறது. அடுத்து வாங்கும்போது எதைப் பார்க்கணும்? இரும்பு டோவா, பிளாஸ்டிக்கும் நாரும் கலந்த காம்போசிட்டா?

கடைக்காரி_பிஎம்:
தம்பி, போலிச் சரக்கு என்று உடனே முடிவு கட்டாதீங்க. அடி பி.யூ. (பாலியூரிதேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்) என்றால் நல்ல கம்பெனிச் சப்பாத்துக்கும் இதே கதிதான். காற்றில் இருக்கும் ஈரம் பி.யூ.வுக்குள் இறங்கி, அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுத்துவிடும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். பினாங்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் காடியின் பின்பெட்டியில் போட்டு வைப்பதுதான் படுமோசம்.

மலிவு விற்பனைக்கு வரும் ஜோடி பெரும்பாலும் கடையிலேயே நாள்பட்டுக் கிடந்ததாக இருக்கும். அதனால் விலைச்சீட்டைப் பார்க்குமுன் தயாரித்த தேதியைப் பாருங்க. சப்பாத்து நாக்கின் உட்பக்கம் தைத்த துணியிலோ அச்சிலோ வருடமும் மாதமும் இருக்கும், பழைய முத்திரையில் காலாண்டு இருக்கும். சில சப்பாத்தின் அடியிலேயே வட்டமாக 1 முதல் 12 வரை எண் வார்த்திருக்கும். அம்புக்குறி காட்டுவது மாதம், நடுவில் இருப்பது வருடம். ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன், பாதி விலை என்றாலும் சரி. பிறகு, அடியின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்க. பள்ளம் விழுந்து திரும்பி எழுந்தால் நல்லது. நகத்தோடு தூள் ஒட்டி வந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்க. விரல் மடங்கும் இடத்தில் சப்பாத்தை வளைத்தும் பாருங்க, மயிரிழை வெடிப்புகள் அங்கேதான் முதலில் தெரியும்.

இன்னொன்று. 'ரப்பர் அடி' என்று சொல்லி விற்பார்கள். தரையில் படுவது மட்டும்தான் ரப்பராக இருக்கும், அதற்கு மேலே இருக்கும் மெத்து பல சப்பாத்தில் பி.யூ.தான். அந்த மெத்து உதிர்ந்தால் ரப்பர் முழுசாகக் கழன்று கையில் வரும். முழு ரப்பர் அடியை வெல்ட் தையலில் (ஓரத்தைச் சுற்றித் தோல் பட்டை வைத்துத் தைப்பது) பிடித்த பூட்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, தேய்ந்தால் அடியையும் மாற்றலாம். ஆனால் கனம் கூட, விலையும் கூட.

சைட்_சேஃப்டி:
அக்கா அடியைச் சொல்லிவிட்டார், நான் முத்திரையைச் சொல்கிறேன். மலேசியத் தர நிறுவனமான சிரிம் முத்திரையும் ஐஎஸ்ஓ 20345 என்ற பாதுகாப்புச் சப்பாத்துத் தர எண்ணும் இல்லாததைத் தொடவே வேண்டாம். அந்தத் தரத்தில் இரும்போ காம்போசிட்டோ, டோ கேப் 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கியே ஆகணும். ஆக, 'இரும்புதான் பலம்' என்பதில் பொருளில்லை. காம்போசிட் கனம் குறைவு, வெயிலில் சுடாது. அதே பலத்துக்குச் சுவர் தடிமன் கூட இருப்பதால் உள்ளே விரலுக்கு இடம் குறையும். விரல் பக்கம் அகலமான காலுக்கு இரும்புதான் தோது. எதுவானாலும் கனமான சாமான் ஒருமுறை விழுந்த டோ கேப்பை மறுபடி நம்பக்கூடாது, வெளியே தோல் நன்றாகத் தெரிந்தாலும் ஜோடியை மாற்றணும்.

அந்தத் தரத்துக்குள் வகைகள் உண்டு, உங்கள் வேலைக்கு எஸ்3 என்ற வகையைப் பாருங்க. எஸ்1பி-யில் ஆணித் தடுப்பு உண்டு, ஆனால் மேல்தோல் தண்ணீரைத் தாங்காது. மழை யார்டுக்கு அது ஆகாது. எஸ்3-யில் மேல்தோல் நீர் தாங்கும், ஆணித் தடுப்பும் அடியில் ஆழமான பல்லும் சேர்ந்து வரும். ஆணித் தடுப்பிலும் இரண்டு வகை. இரும்புத் தகடு மெல்லிய ஆணியையும் நிறுத்தும், ஆனால் பாதத்தின் ஓரம் வரை போகாது, வளையவும் வளையாது. நெய்த துணி வகை ஓரம் வரை மூடும், நடக்கச் சுகம், ஆனால் மெல்லிய ஆணி நுழையும் வாய்ப்பு அதிகம். அந்தத் தரத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு வந்த சரக்கில் இது பிரித்தே எழுதியிருக்கும்: பி என்றால் உலோகம், பிஎல் என்றால் 4.5 மி.மீ. ஆணியால் சோதித்த துணி, பிஎஸ் என்றால் 3 மி.மீ. ஆணியால் சோதித்தது. கிடங்குக்குத் துணி வகை போதும். பலகை பிரிக்கும் கட்டுமான சைட்டுக்குத் தகடுதான்.

வழுக்கலுக்குப் பழைய சரக்கில் எஸ்ஆர்சி என்ற குறியீட்டைத் தேடுங்க. சோப்புத் தண்ணீர் ஊற்றிய ஓட்டிலும் கிளிசரின் பூசிய இரும்பிலும் சோதித்தது என்று பொருள்.

லேஷிங்_பட்டர்வொர்த்:
விரல் மூட்டு வெட்டுவது டோ கேப்பின் குற்றமில்லை, அளவின் குற்றம். சப்பாத்து மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் கேப்பின் பின்விளிம்பு சதையில் ஏறும். தோல் நாளடைவில் இளகும், கேப் இளகவே இளகாது. 'போட்டுப் பழகினால் சரியாகிவிடும்' என்று கடையில் சொன்னால் நம்பாதீங்க.

வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், வேலைக்குப் போடும் அதே காலுறையோடு போய் அளவு பாருங்க. இரண்டு காலில் பெரியதற்குத்தான் அளவு. நீளமான விரலுக்கும் கேப்பின் உட்சுவருக்கும் நடுவே ஒரு செ.மீ. இருக்கணும். நடந்து பார்த்தால் மட்டும் போதாது, குந்தி உட்காருங்க, கடையில் படி இருந்தால் இறங்குங்க. இறங்கும்போது விரல் முன்னால் மோதினால் நகம் கறுத்துப்போகும். மோதாமல் இருக்க ஒரு நம்பர் கூட்டினால் குதிகால் உள்ளே ஆடும், கொப்புளம்தான் மிச்சம். அப்படிப்பட்ட காலுக்கு நீளம் கூட்டாமல் அகல அச்சில் செய்த ஜோடி கேளுங்க. லோரியில் ஏறி இறங்க, குதிகால் தனியாகத் தடுப்பு வைத்திருக்கும் அடி வேணும். தட்டையான அடி படிக்கம்பியில் முன்னால் வழுக்கும்.

பிறை_ஸ்டோர்:
ரொம்ப நன்றி. மழையில் நனைந்தால் எப்படிக் காய வைப்பது? இன்னொன்று, முதலாளி பூட்ஸ் காசைச் சம்பளத்தில் பிடிக்கிறார். பிடிக்கலாமா?

கடைக்காரி_பிஎம்:
வெயிலிலோ மோட்டார்சைக்கிள் எஞ்சின் பக்கத்திலோ வைக்காதீங்க, தோல் விறைத்துப் பசையும் விட்டுவிடும். இன்சோலை உருவித் தனியே வைத்து, உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் பேப்பரை மாற்றி, விசிறிக் காற்றில் விடுங்க. ஒரே இரவில் முழுசாகக் காயாது. மழை மாதங்களில் இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழி. அந்த இரண்டாவது ஜோடியைப் பெட்டியில் பூட்டி வைக்காதீங்க. இன்சோல் அமுங்கித் தட்டையானதும் மாற்றிவிடுங்க, சிமெண்டுத் தரை வேலையில் சப்பாத்தைவிட அதுதான் முதலில் சாகும்.

சைட்_சேஃப்டி:
காசு பிடிக்கக்கூடாது. 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி செய்து கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கத் தடை போட்டிருக்கிறது. பிடித்த தொகை தெரியும்படி சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்க. பதில் வராவிட்டால் ஜேகேகேபி-யில் (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) புகார் கொடுக்கலாம்.