வளவு வீட்டுச் சுவரில் சிமெண்டு பூசலாமா?

பள்ளத்தூரான்:
பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய செட்டிநாட்டு வீடு. முகப்பில் நுழைந்தால் நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கடந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். பங்காளிகள் ஆளுக்கோர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குக் கூடினால்தான் விளக்கெரியும். இப்போது வளவின் வடமேற்கு மூலையில் இடுப்புயரம் வரை காரை பொடிப்பொடியாக உதிர்கிறது. அதற்கு மேலே கை வைத்தால் இன்னும் பளிங்குபோல் வழுக்குகிறது. எல்லாவற்றையும் செங்கல் தெரியச் சுரண்டிச் சிமெண்டு பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லையும் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போடச் சொன்னார். அதற்கு மட்டும் அப்போதே முடியாது என்றுவிட்டேன். சுவருக்கு என்ன செய்வது?

இன்னொன்று, வீடு கட்டிய ஆண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டா? பெரியப்பச்சி ஒன்று சொல்கிறார், அத்தை ஒன்று சொல்கிறார்.

காரைக்கொத்தன்:
சுரண்டச் சொன்னவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள் தம்பி. மேல்பாதி இத்தனை காலமாகியும் வழுக்குகிறதே, பூச்சைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த மூலைக்கு நேர் மேலே, இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடுவாய் இருக்கும். இலை தழை அடைத்தால் மழைநீர் எதிர்த்து ஓட்டுக்கு அடியில் இறங்கும். ஓட்டைத் தாங்கும் கைமரத்து நுனியில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், உளுத்திருந்தால் உள்ளே போகும். வெளியே தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டுச் சுவரின் அடி மண்ணுக்குள் போயிருந்தால் ஈரம் அங்கிருந்தும் ஏறும்.

பழைய சுவர் தரையீரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை வழியே அது ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு பூசினால் போக வழியின்றி இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும். சில மழைக்காலம் போனதும் உப்புப் பூத்துப் பலகை பலகையாக விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். எமல்ஷனும் அதே வேலையைத்தான் செய்யும்.

உதிர்ந்த இடத்தை மட்டும் எடுத்து, காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசுங்கள். நீற்றிய சுண்ணாம்பு சில வாரமாவது தண்ணீரில் கிடக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் காரையைக் குழைப்பது பழைய வழக்கம். கனத்த அடிப்பூச்சு, மேலே மெல்லிய பூச்சுகள், கடைசியில் சலித்த சுண்ணாம்பும் வெள்ளைக்கல் மாவும் முட்டை வெண்கருவும். ஈரம் இழுக்கும் பதத்தில் கூழாங்கல்லால் விடாமல் தேய்க்க வேண்டும். கூலி போவது இந்தத் தேய்ப்பில்தான். முட்டைக் கதைக்கு வாய்பிளப்பவர்கள் தேய்த்தவனைக் கேட்பதேயில்லை.

தேவகோட்டை ஆச்சி:
ஆண்டுக்குப் பழைய பேரேட்டையும் மொய் ஏட்டையும் கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தையும் தேடுங்கள். பெட்டகச்சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறதோ, அவரிடம் நல்லபடி பேச வேண்டியிருக்கும். சுவரில் பூவேலைக் கற்கள் (டைல்ஸ்) இருந்து, ஒன்று தானாகக் கழன்றிருந்தால் முதுகைப் பாருங்கள். 'மேட் இன் ஜப்பான்' என்றிருந்தால் பெரும்பாலும் 1910களுக்கும் 1930களுக்கும் இடைப்பட்டது. வீடு அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம், கல் பிறகு ஒட்டியிருப்பார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபின் வரவு நின்றது. அதற்குப் பின் இந்த அளவில் எழுந்த வீடு அரிது.

வேலை தொடங்குமுன் எல்லாப் புள்ளிகளிடமும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்திடமும், கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் முரண்டு பிடித்தாலும் பாதியில் நிற்கும். தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனதெல்லாம் இப்படிப் பாதியில் நின்ற வீடுகளிலிருந்துதான் என்பது என் எண்ணம்.

பள்ளத்தூரான்:
ஏறிப் பார்த்தேன். கூடுவாயில் அரசங்கன்று! பிடுங்கிவிடவா?

காரைக்கொத்தன்:
இழுக்காதீர்கள், ஓடும் காரையும் சேர்ந்து வரும். இப்போதைக்குத் தண்டை அறுத்து நிறுத்துங்கள். ஓடு பிரிக்கும்போது வேரைப் பின்தொடர்ந்து போய் முழுதாக எடுக்க வேண்டும், துண்டு தங்கினாலும் துளிர்க்கும். ஓட்டு வேலை ஐப்பசி மழைக்குள் முடியட்டும். பூச்சுக்குத் தை பிறந்தபின் ஆள் பார்க்கலாம்.