மோட்டார்ஹோமில் வால்வை மூடினால் கழிவுநீர் வடிவதில்லை: காரணம் என்னவாக இருக்கும்?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மோட்டார்ஹோமில் (தங்கும் வசதியுள்ள வாகனம்) சிங்க் நீரும் குளியல் நீரும் ஒரே கழிவுநீர்த் தொட்டியில் சேர்கின்றன. தொட்டி ஏறக்குறைய காலியாக இருக்கும்போதும், வெளியேற்றும் வால்வு மூடியிருந்தால், சிங்க்கில் விடும் நீர் தயங்கித் தயங்கி இறங்குவதுடன், குளியலறை வடிகாலில் களகளவென்று குமிழிகள் கிளம்பி நாற்றமும் வருகிறது. வால்வைத் திறந்த மறுகணமே எல்லாம் ஒழுங்காக வடிந்துவிடுகிறது.

குழாயில் அடைப்பு என்றால் வால்வு திறந்திருந்தாலும் நீர் தேங்கத்தானே வேண்டும்? எனவே, உள்ளே வரும் நீருக்கு இடம்விட்டு வெளியேற வேண்டிய காற்றுக்கு வழியில்லை என்றே கருதுகிறேன். சிங்க்கின் அடியிலுள்ள காற்று வால்வு காற்றை உள்ளே மட்டுமே விடும் என்பதால் அது இதற்கு உதவாது. ஆனால் தொட்டியின் காற்று வெளியேறுவதற்காகக் கூரைவரை செல்லும் காற்றுக்குழாயில் அடைப்பில்லை; அதில் ஊற்றிய நீர் தடையின்றித் தொட்டிக்குள் இறங்குகிறது, குழப்பமே இங்குதான்.

அந்தக் குழாய் பிடி தளர்ந்து தொட்டியின் அடிவரை நழுவி, அதன் முனை எஞ்சிய நீரில் மூழ்கிக் கிடந்தால் இப்படி நேரக்கூடுமா? அப்படியானால், தொட்டியைக் கழற்றாமல் கூரையிலிருந்தே அதை உயர்த்திப் பொருத்த முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.