மோட்டார் ஹோம் ஜிபிஎஸ்: இடங்காட்டியா, வழிகாட்டியா?

செங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். குற்றாலம், தென்மலை பக்கம் மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி உள்ள வண்டி) வாடகைக்கு விடுபவர்களுக்காக, எந்த ஜிபிஎஸ் கருவி வாங்கலாம் என்று சொல்லும் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சில சொற்கள் இன்னும் அமையவில்லை. கருவியின் பெயருக்கு இப்போதைக்கு 'புவியிடங்காட்டி' என்று போட்டிருக்கிறேன். வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் பதிந்து வைக்கும் பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும். பாலத்துக்கு அடியில் எவ்வளவு உயரம் வரை நுழையலாம் என்ற அளவுக்கு ஒரு சொல். மோட்டார் ஹோமுக்கே ஒரு சொல். 'கேரவன்' என்றால் நம் பக்கம் படப்பிடிப்பு வண்டிதான் நினைவுக்கு வரும். கேரளம் 2021-இல் அறிவித்த சுற்றுலாத் திட்டத்துக்கோ 'கேரவன் கேரளா' என்றே பெயர். கேரள எல்லையான கோட்டைவாசலைத் தாண்டினால் சொல்லுக்குப் பொருள் மாறுகிறது.

நாகர்கோவில், தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, இடத்தைக் காட்டுவதோடு இக்கருவியின் வேலை முடிவதில்லை. வழி சொல்கிறது. வழிக்குத் தமிழில் பழஞ்சொல் 'ஆறு'. நீரோடுவது 'யாறு', பிற்காலத்தில்தான் இரண்டும் ஒரே வடிவாயின. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை, அதாவது போகிறவருக்கு வழி சொல்லும் பாட்டு. அவற்றுள் மலைபடுகடாம் நன்னன் என்னும் மன்னனிடம் போகும் கூத்தருக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு ஒடுங்கும் குழி, கால் வழுக்கும் பாறை, புனங்காவலர் எறியும் கவண்கல். போகிறவன் யார், அவனுக்கு எது இடர் என்று அறிந்து வழி சொல்வது நமக்குப் புதிதல்ல. 'ஆற்றுப்படுத்தி' என்று வையுங்கள். அளவுப் பக்கத்துக்கு 'ஆற்றளவு'. 'ஆற்றின் அளவறிந்து' என்று குறளில் இரண்டு இடத்தில் வருகிறது. ஈகையைச் சொல்லும் 477, கல்வியைச் சொல்லும் 725. வண்டிக்கும் அது பொருந்தும்.

பொள்ளாச்சி, வண்டிக் கட்டுமானப் பட்டறை:

ஐயாவுக்கு வணக்கம். 'ஆற்றளவு' என்று படிக்கிற டிரைவர், ஆழியாற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். 'ஆற்றுப்படுத்துநர்' என்ற சொல் ஏற்கெனவே மனநல ஆலோசகருக்குப் போய்விட்டது.

ஆனால் ஐயா சொன்னதில் அடிப்படை சரி. ஜிபிஎஸ் வேறு, வழி சொல்வது வேறு. வாங்குகிறவர்கள் ஏமாறுவதே இங்கேதான். செயற்கைக்கோளுக்கு உங்கள் வண்டி உயரம் தெரியாது. நான்கு செயற்கைக்கோளாவது கிடைத்தால் கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடும். திறந்த வானத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகலாம். அதோடு அதன் வேலை முடிந்தது. எந்தச் சாலையில் போவது என்பதை, உள்ளே இருக்கும் வரைபடத்தையும் நீங்கள் பதிந்த வண்டி அளவையும் வைத்து மென்பொருள் முடிவு செய்கிறது. வரைபடத்தில் பாலத்தின் உயரம் பதிவாகியிருக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தப் பாலத்துக்குள் நேராக அனுப்பிவிடும்.

கார்மின், டாம்டாம் இரு நிறுவனங்களிலும் மோட்டார் ஹோமுக்கான கேம்பர் வகைக் கருவிகள் உண்டு. உயரம், நீளம், அகலம், எடை பதியலாம். இந்திய வரைபடம் இருக்கிறதா, அதில் உயரத் தடைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கூகுள் மேப்ஸில் வண்டி உயரம் பதிய இடமே இல்லை. ஓஸ்மாண்ட் செயலியில் பதியலாம். வரைபடத்தை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத காட்டுச் சாலையிலும் ஓடும்.

கையேட்டில் விடாமல் போட வேண்டியவை இன்னும் சில. டிராவலர் வகை வேனில் 12 வோல்ட், பஸ் சேஸிஸில் பெரும்பாலும் 24 வோல்ட். சார்ஜர் இரண்டையும் தாங்குமா என்று பார்க்காமல் செருகினால் கருகிவிடும். முன்கண்ணாடியில் வெயில் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தால் சிக்னல் குறையும். வெளி ஆன்டெனா வேண்டும். கூரை ஃபைபராக இருந்தால் அதை உள்பக்கமே ஒட்டலாம். அலுமினியத் தகடாக இருந்தால் வெளியேதான் வைக்க வேண்டும். நெடுநாள் அணைந்து கிடந்த கருவியை ஆன் செய்தவுடன் கிளம்பாதீர்கள். இணைய உதவி இல்லாவிட்டால் செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வானிலிருந்து வாங்க 12.5 நிமிடம் ஆகும்.

பெயருக்கு என் ஓட்டு 'வழிகாட்டிக் கருவி'.

கொழிஞ்சாம்பாறை, வரைபடத் தன்னார்வலர்:

'இடங்காட்டி' வேண்டாம் என்பதற்கு எல்லைக்காரர்களிடம் இன்னொரு காரணமும் உண்டு. 'இடம்' என்றால் இருப்பிடம், இடப்பக்கமும் அதுவே. மலையாளத்தில் 'இடத்தோட்டு' என்றால் இடப்பக்கமாக. பாலக்காட்டு டிரைவர் 'இடங்காட்டி' என்று கேட்டால் இடப்பக்கம் திரும்பச் சொல்லும் சிக்னல் விளக்கா என்று கேட்பார். குரல் வழிகாட்டலிலும் இதே சிக்கல். 'சேருமிடம் வலப்பக்கம்' என்று குரல் வந்தால் வண்டிச் சத்தத்தில் 'இடம்' மட்டும் காதில் விழும். 'போய்ச் சேரும் ஊர்' என்று வைக்கலாம்.

'சுரம்' இன்னொன்று. மலையாளத்தில் மலைக்கணவாய், நம் பாலைத்திணையில் வெயில் கொளுத்தும் வழி, பேச்சில் காய்ச்சல். வரைபடத்தில் 'கணவாய்' என்றே போடுங்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு மாதிரி ஊர்ப்பெயரிலேயே இருக்கும் 'மெட்டு' அப்படியே இருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவுகளில் கருவி தடுமாறுவதையும் எழுதுங்கள். ஆழியாறு–வால்பாறைச் சாலையில் 40 வளைவு. மேலே போகும் சாலையும் கீழே வரும் சாலையும் நெருங்கி ஓடும் இடத்தில், ஒரு பக்கம் மலைச்சுவர் வானத்தை மறைத்தால், கருவி நம்மைக் கீழ்ச்சாலையில் வைத்துவிடும். 'திரும்பிச் செல்லவும்' என்று குரல் வரும். 9 மீட்டர் வண்டியை அங்கே திருப்ப முடியாது. அடுத்த அகலமான இடம் வரை குரலைக் கண்டுகொள்ளாமல் போக வேண்டும்.

செங்கோட்டை:

கருவிக்கு 'வழிகாட்டிக் கருவி' என்று எடுத்துக்கொள்கிறேன். இடத்தை மட்டும் உணரும் உறுப்புக்கு 'ஜிபிஎஸ் வாங்கி' என்று விடலாமா? அளவுப் பக்கத்துக்கு 'வண்டிக் குறிப்பு' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பிறந்த குறிப்பு மாதிரி எல்லாருக்கும் புரியும் என்கிறார்.

நாகர்கோவில்:

'வண்டிக் குறிப்பு' நன்று. என் 'ஆற்றளவை' விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 'வண்டி' மாட்டுக்கும் பொருந்தும் பொதுச்சொல். ஊர்தல் என்னும் வினையிலிருந்து 'ஊர்தி' இருக்கிறது. புறநானூறு 27-இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. மோட்டார் ஹோமுக்கு 'மனையூர்தி' என்பதே தகும். மனையும் ஊர்தியும் சேர்ந்த சொல்.

பொள்ளாச்சி:

மனையூர்தி என்றால் ரியல் எஸ்டேட் விளம்பரம் மாதிரி இருக்கிறது ஐயா. பட்டறையில் 'வீட்டு வண்டி' என்றால் சின்னப் பையனுக்கும் புரியும்.

பாலத்து அளவுக்கு 'தலைதட்டு உயரம்'. தலை தட்டும், தட்டாது என்றுதான் டிரைவர்கள் பேசுகிறார்கள். 'செல்லுயர வரம்பு' என்று வைத்தால் செல்போன் என்று படிப்பார்கள்.

'உயரம்' என்று தனியாக எங்கும் போடாதீர்கள். திரையில் கடல்மட்டத்திலிருந்து உயரமும் வரும், வண்டி உயரமும் வரும். 'கடல்மட்ட உயரம்', 'வண்டி உயரம்' என்று பிரித்தே போடுங்கள்.

வண்டி உயரத்தை ஆர்சி புத்தகத்தைப் பார்த்துப் பதியக் கூடாது. டயரில் சரியான காற்று இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். கூரையில் மிக உயர்ந்த பொருளின் மேல் நேரான பலகையை வைத்து அதிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். ஏசியோ, சோலார் பேனலோ, காற்றுப்போக்கி மூடியோ, எது உயரமோ அது. அதோடு 15 செ.மீ. கூட்டிப் பதிய வேண்டும். பாலத்தடியில் தார் மேல் தார் போட்டிருப்பார்கள். பலகையில் எழுதிய பழைய அளவு அப்படியே இருக்கும். எடைக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிய நிலையைக் கணக்கிடுங்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ.

அடி, அங்குலத்தில்தான் பெரிய தப்பு நடக்கிறது. 10 அடி 11 அங்குலத்தை 10.11 என்று பதிகிறார்கள். கருவி அதை 3.08 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். உண்மை 3.33 மீட்டர். 25 செ.மீ. குறைந்தால் கூரை ஏசி பாலத்தில் கழன்று விழும்.

கொழிஞ்சாம்பாறை:

'தலைதட்டு உயரம்' என்றால் தலை தட்டுகிற உயரமா, தட்டாத உயரமா? 3.2 என்று போட்டால் 3.2-க்கு நுழையலாமா கூடாதா? 'தலைதட்டா உயரம்' என்றால் ஐயம் இல்லை.

நாகர்கோவில்:

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் சரி. தட்டாத உயரம் என்று விரியும். ஒப்புகிறேன்.

பொள்ளாச்சி:

ஓடுகிற வண்டியில் 'தட்டு', 'தட்டா' ஒரே மாதிரி காதில் விழும் ஐயா. திரையில் ஓரெழுத்து வித்தியாசம். நான் ஒப்ப மாட்டேன்.

செங்கோட்டை:

இன்று மாலை அனுப்பியாக வேண்டும். 'வழிகாட்டிக் கருவி', 'வீட்டு வண்டி', 'வண்டிக் குறிப்பு' மூன்றும் பெரும்பான்மையோர் கருத்துப்படி போகின்றன. பாலத்துக்கு 'தலைதட்டா உயரம்' என்று போட்டு, அருகிலேயே 'இதற்கு மேல் வண்டி நுழையாது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மீட்டர் மட்டும் அச்சிடுகிறேன்; அடியைப் பின்னிணைப்பு அட்டவணையில் தருகிறேன்.

நாகர்கோவில்:

'மனையூர்தி'யை அடைப்பிலாவது போடுங்கள் அம்மா. அடுத்த பதிப்புக்கு அது அங்கே கிடக்கட்டும்.

பொள்ளாச்சி:

அட்டவணையைப் பின்னிணைப்பில் தள்ள வேண்டாம். வண்டிக் குறிப்புப் பக்கத்திலேயே அடி, அங்குலம், மீட்டர் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். பின்னிணைப்பை யாரும் புரட்டுவதில்லை.